வதந்தியை மறுக்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் வதந்திகளைச் சரிபார்த்துச் சொல்லும் ஒரு சின்ன வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் துடிப்பானவர்கள்தான், ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். தேதியைப் பார், தலைப்பை மட்டும் நம்பாதே, லிங்க்கைத் திறந்து படி என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பொய் வீடியோவையே போட்டு 'இது பொய்' என்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தீராத தவறு இதுதான். ஒரு வீடியோ வருகிறது, பொய் என்று உறுதியாகிவிட்டது. நம்மாள் அதை டவுன்லோடு செய்து, கீழே "இது பொய், யாரும் நம்பாதீங்க" என்று எழுதி, தான் இருக்கிற எல்லாக் குரூப்பிலும் போட்டுவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கியவர் அடுத்தவருக்கு அனுப்பும்போது கேப்ஷனை நீக்கிவிட்டு வீடியோவை மட்டும் அனுப்பலாம், அதற்கு வாட்ஸ்அப்பே வசதி வைத்திருக்கிறது. விளக்கத்தைத் தனி மெசேஜாகப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், வீடியோ ஊர் சுற்றப் போய்விடும், விளக்கம் உங்கள் குரூப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பல கை மாறி வந்த மெசேஜில் இரட்டை அம்புக்குறி விழும், 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று அர்த்தம், அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். நீங்கள் டவுன்லோடு செய்து புதிதாக ஏற்றியவுடன் அந்த அம்புக்குறியும் போச்சு, கட்டுப்பாடும் போச்சு. பழைய திருடனுக்குக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை மாட்டி அனுப்பிவைக்கிறீர்கள்.

வெட்டப்பட்ட விளக்கம் என்ன செய்யும் என்பதற்கு வேறு எங்கும் தேட வேண்டாம். 2016-ல் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. தெருவில் விளையாடும் ஒரு பையனை பைக்கில் வரும் இருவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கடைசியில் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். 2018-ல் இந்திய வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. அந்த ஆண்டு மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு நம் மாவட்டங்களிலும் ஓடியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன குடும்பத்தை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்று ஒரு கூட்டம் சுற்றி வளைத்தது, 65 வயது அம்மா அடி தாங்காமல் இறந்தார். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்றார்கள். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஐந்து பேர். அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியது, பலமுறை கை மாறியதற்கு ஒரே சாட் என்று 2020-ல் இறுக்கியது.

கராச்சிக்காரர்கள் விளக்கத்தை வீடியோவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதையே நறுக்க முடிந்தது என்றால், நீங்கள் கீழே தட்டிவிடும் இரண்டு வரி எந்த மூலைக்கு?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்ற வதந்தி ஓடியபோது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி இதைத்தான் செய்தான். வீடியோவைப் போட்டு, அடியில் சுத்தமான தமிழில் நீளமான மறுப்பு. அது ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் வழியாகத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் ரூமுக்குப் போனது. அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்கள் கண்டது அடிதடி மட்டும், அதுவும் உள்ளூர்க்காரர் ஒருவரே அனுப்பியது! ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் வேறு அந்த வாரம் ரயில்வே ஸ்டேஷனில் நின்றது, அதையும் படம் பிடித்து 'பயந்து ஓடுகிறார்கள்' என்று போட ஆள் இருந்தார்கள். தம்பியிடம் சொன்னால், "அண்ணா, நான் பொய்னுதானே எழுதியிருக்கேன்" என்கிறான். எழுதியிருக்கிறாய், யார் படிக்க?

சரி, என்ன செய்யலாம்? வீடியோ வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், முகங்களை மறைத்துவிட்டு, படத்தின் நடுவே குறுக்காக 'பொய்' என்று பெரிதாக எழுதுங்கள், ஓரத்தில் எழுதினால் கத்தரித்துவிடுவார்கள். முதல் வரியில் உண்மை இருக்க வேண்டும், "கம்பெனிகள் வழக்கம்போல ஓடுகின்றன, உள்ளூர்க்காரர்கள் யாரும் பீகார் தொழிலாளர்களைத் தாக்கவில்லை" என்பதுபோல. வதந்தி என்ன சொன்னது என்பதற்கு அப்புறம் ஒரு வரி ஒதுக்கினால் தாராளம். பயந்துபோய் இருப்பவர்களின் மொழியில் ஒரு வாய்ஸ் நோட், அதுவும் அவர்களுக்குத் தெரிந்த ஆள் பேசியது, உங்கள் நாலு பத்தியைவிட வேலை செய்யும்.

எடுத்த எடுப்பில் 'முழுக்க ஜோடனை' என்று அடித்துவிடுவது

அதே 2023 விவகாரத்தில் அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு என்ன சொன்னார் என்று பாருங்கள். அப்போது சுற்றிய இரண்டு வீடியோக்களும் திருப்பூரிலும் கோவையிலும் முன்பு நடந்தவை, ஒன்றில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே சண்டை, இன்னொன்றில் உள்ளூர்க்காரர்களுக்குள் சண்டை. சண்டை நிஜம், யார் யாரை அடித்தார்கள் என்று சொன்னதுதான் பொய். நீங்கள் 'அப்படி எதுவுமே நடக்கவில்லை' என்று எழுதினால், அந்தச் சண்டையை நேரில் பார்த்த ஒருவர் குரூப்பில் இருப்பார், "நான் பார்த்தேனே" என்பார். அதோடு முடிந்தது, அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

கூகுள் லென்ஸில் கிடைக்கவில்லை, ஆகவே புதுசு

படத்தைப் போட்டுத் தேடும் கூகுள் லென்ஸில் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீடியோவில் ஒரே ஒரு ஃப்ரேமைப் போட்டுத் தேடிவிட்டு முடிவு கட்டாதீர்கள். கடைப் பலகை, பஸ்ஸின் நிறம், நம்பர் பிளேட் தெரிகிற இடத்தில் நிறுத்தி நாலைந்து ஃப்ரேம் எடுத்துத் தேடுங்கள்.

அனுப்பிய பெரியவரைக் குரூப்பிலேயே வறுத்தெடுப்பது

சித்தப்பா பயத்தில் அனுப்பியிருப்பார். பத்துப் பேர் முன்னால் திருத்தினால் அவர் தன் மானத்துக்காக அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு நிற்பார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், "நீங்களே குரூப்பில் சொல்லிடுங்க சித்தப்பா" என்று விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், சிலர் சத்தமில்லாமல் டெலிட் செய்வார்கள், அதுவும் போதும்.

வாட்ஸ்அப் வதந்திக்கு ஃபேஸ்புக்கில் மறுப்பு

லைக் வரும். தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அந்த ரூமுக்குப் போய்ச் சேராது.

'எதுக்கும் இருக்கட்டும்' என்று அனுப்புவது

வேண்டாம்.

ஏஐ வீடியோவா என்று செயலியிடம் கேட்பது

வாட்ஸ்அப்பில் அமுங்கி அமுங்கி மங்கிப்போன வீடியோவை வைத்து அது சொல்லும் சதவீதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ஊரில் தெரிந்தவருக்கு ஒரு போன் போடுவேன்.