மருத்துவமனைச் செயலியில் ஸ்னோமெட்: சிக்கலை ஒரே இடத்தில் அடைத்து வைப்பது எப்படி?

நோய், அறிகுறி, சிகிச்சை போன்றவற்றைக் கணினியில் ஒரே மாதிரி பதிவு செய்ய உதவும் சொல்தொகுதி ஸ்னோமெட் சிடி. அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் மருத்துவக் கருத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், மேலே தாய்க் கருத்துகள், பக்கவாட்டில் உறவுகள். அடுத்த நோயாளி வாசலில் காத்திருக்கும்போது டாக்டருக்கு இதெல்லாம் எதற்கு? ஸ்க்ரீன் எழுதுபவருக்கும் வேண்டாம். நடுவில் ஒரு சிறிய சேவை எழுதி அதற்குள் வைத்துவிடலாம்.

படி 1. கேள்விகளை எழுதுங்கள். "இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்பது போல, மருத்துவமனையில் பேசும் மொழியிலேயே. இது முடியும்வரை ஸ்னோமெட்டைத் திறக்க வேண்டாம்.

படி 2. ஒரு கேள்விக்கு ஒரு ஃபங்ஷன். பதிவில் உள்ள எண்ணைக் கொடுத்தால் ஆம் அல்லது இல்லை என்று வர வேண்டும், அவ்வளவுதான்.

படி 3. இனி ஃபங்ஷனின் உள்ளே. இங்கே நிதானம் வேண்டும். பெயரில் 'டயாபட்டீஸ்' இருக்கிறதா என்று தேடத் தோன்றும். தேடினால் டயாபட்டீஸ் இன்சிபிடஸும் மாட்டும். சிறுநீர் அதிகம் போகும் அந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. 'குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு' என்ற குறிப்பும் வந்து விழும். அப்பாவின் நோய் மகன் கணக்கில் ஏறிவிடும். அதனால் சொல்லை விட்டுவிட்டு, தாய்க் கருத்து, அதன் கீழ்க் கருத்து என்று கிளைக்கும் ஸ்னோமெட் மரத்தைக் கேளுங்கள்:

`<< 73211009`

இந்த எண் டயாபட்டீஸ் மெலிட்டஸ், அதாவது சர்க்கரை நோய். முன்னால் உள்ள இரட்டைக் குறிக்கு "இதுவும், இதன் கீழ் வரும் எல்லாமும்" என்று பொருள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயான 44054006 இதில் தானாக அடங்கிவிடும். ஸ்னோஸ்டார்ம் என்ற திறமூல சர்வரை நிறுவி, அதில் ஸ்னோமெட்டை ஏற்றி, அதற்கு இந்த வரியை அனுப்பினால் பட்டியல் கிடைக்கும். பதிவில் உள்ள எண் அதில் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. 73211009 உங்கள் நிரலில் வேறெந்தக் கோப்பிலும் தலைகாட்டக் கூடாது.

படி 4. டாக்டர் 'ஹார்ட் அட்டாக்' என்று தேர்ந்தெடுத்தால் 22298006 என்ற எண்ணோடு அந்தச் சொல்லையும் சேமியுங்கள். மறுநாள் அதே ஸ்க்ரீனில் அந்த எண்ணின் இன்னொரு பெயரான 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று நின்றால், தான் எழுதியதுதானா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

படி 5. ஸ்னோமெட்டின் புதிய வெளியீடுகளில் சில கருத்துகள் செயலிழக்கும். பழைய பதிவுகளில் அந்த எண் அப்படியே இருக்கும், ஆனால் படி 3-இன் பட்டியலில் இருக்காது. அந்த நோயாளி சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. செயலிழந்த பல கருத்துகளுக்கு மாற்று எது என்ற இணைப்பு வெளியீட்டிலேயே வரும். அதை உங்கள் சேவையே பின்தொடரட்டும். மாற்று இல்லாதவற்றைத் தனியே எடுத்து டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அப்புறம்தான் புதிய வெளியீட்டுக்கு மாறுங்கள்.