டே லில்லி: குழி தோண்டும்போதே தொடங்கும் தவறுகள்

டே லில்லி லேசில் சாகிற செடி அல்ல. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளின் புல்வெளிகளிலும் மலைச்சரிவுகளிலும் உரமோ பராமரிப்போ இல்லாமல் வளர்ந்த இனம் அது. நம் வீட்டில் பூக்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் நட்ட விதத்தில்தான் கோளாறு.

லில்லி என்றதும் பலர் அதை வெங்காயம் போன்ற கிழங்கு என்று நினைத்து அரையடி ஆழத்தில் புதைத்துவிடுகிறார்கள். டே லில்லிக்கு அப்படிப்பட்ட கிழங்கு கிடையாது. வேர்கள்தான் சதைப்பற்றுடன் தடித்திருக்கும். இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் வெறும் இலையாகவே நிற்கும். அடைமழையில் கழுத்து அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிடும். குழியின் நடுவில் மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, அதன்மேல் கழுத்தை வைத்து, வேர்களைச் சுற்றிலும் பரப்பி மூடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் மண் கொஞ்சம் இறங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும்.

அடுத்தது வாங்கும் இடத்தில் நடக்கும் தவறு. இவற்றில் குளிர்காலத்தில் இலை முழுதும் காய்ந்து உறங்கும் வகை உண்டு, ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் வகை உண்டு, இரண்டுக்கும் இடைப்பட்டதும் உண்டு. உறங்கும் வகைக்கு நல்ல குளிர் தேவை. உதகையிலோ கொடைக்கானலிலோ நட்டுப் பார்க்கலாம். சென்னையிலும் மதுரையிலும் அது ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே போகும். சமவெளியில் இருப்பவர்கள் பசுமை வகையைக் கேட்டு வாங்குங்கள். விதைப் பொட்டலத்தை நம்பவே வேண்டாம். விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் பூவை அப்படியே தராது. தூரைப் பிரித்து நட்டால்தான் அதே பூ கிடைக்கும். அட்டையில் நீல நிறப் பூ அச்சிட்டிருந்தால் அது சுத்தப் பித்தலாட்டம். அசல் நீலத்தில் டே லில்லி இன்றுவரை கிடையாது.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆனால் அடர் சிவப்பு, ஊதாப் பூக்கள் நம் உச்சி வெயிலில் கருகும். அவற்றுக்குப் பிற்பகல் நிழல் நல்லது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். மக்கிய தொழுவுரமே போதும்.

ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான். மறுநாள் வாடியதைப் பார்த்ததும் தண்டையே வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்! அதே தண்டில் இன்னும் பல மொட்டுகள் வரிசையில் காத்திருக்கும். வாடிய பூவை மட்டும் அதன் அடிப்பகுதியோடு கிள்ளுங்கள். காய் பிடிக்காது, செடியின் சக்தியும் வீணாகாது. கடைசி மொட்டும் விரிந்த பிறகு தண்டை வெட்டலாம்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் தூர் நெருக்கமாகிப் பூ குறையும். பூக்காலம் முடிந்ததும் தோண்டியெடுத்து, இலைகளைப் பாதிக்கு மேல் கத்தரித்து, பிரித்து நடுங்கள். கத்திரி வெயிலில் இந்த வேலை வேண்டாம்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துரு நோய். அந்த இலைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். கடித்துவிட்டது தெரிந்தால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.