ஆயிரம் வருஷத்துக் காவல்காரனை எழுதுவது எப்படி?

போன வருஷம் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில் இருக்கிறார்கள். சாவி பக்கத்து வீட்டு அம்மச்சியிடம். பகல் பதினொன்றரை மணி, சுள்ளென்று வெயில், கேட் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. "அது பகல்லதான் எரியும் மக்கா, ராத்திரி அணைஞ்சிரும்" என்றார் அம்மச்சி, அந்த வீட்டுப் பழக்கமே அப்படித்தான் என்பது போல.

மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு டைமர் இருந்தது. வட்ட முகத்தைச் சுற்றிப் பல் வைத்த பழைய வகை. மாலை ஆறுக்கு விளக்கைப் போடு, காலை ஆறுக்கு அணை என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். மழைக்கும் காற்றுக்கும் நம்ம ஊரில் கரண்ட் போகிற கணக்குக்கு, அதன் மாலை நேரம் நகர்ந்து நகர்ந்து நம்முடைய காலைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதனிடம் கேட்டால் அப்போது நடு ராத்திரி என்றுதான் சொல்லியிருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லை.

எனக்குக் குலசேகரத்தில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் சர்வீஸ் கடை. கடை அடைத்த பிறகு அறிவியல் புனைகதை எழுதுவேன். எழுத ஆசைப்படும் பிள்ளைகள் சிலர் கதைகளைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பல்லாயிரம் ஆண்டாக ஒரு கோளையோ கப்பலையோ காத்து நிற்கும் ஏஐ. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் எல்லா ஏஐக்கும் கண் நீலமாக ஒளிர்கிறது, குரல் அசரீரி மாதிரி வருகிறது, வாயைத் திறந்ததும் "உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்" என்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் தாளை மடக்கிவிடுவேன். காத்திருக்க அதற்கு ஏது நேரம்? வேலை கிடக்கிறதே.

ஆகவே முதலில் வேலையைத் தீர்மானியுங்கள். ஒரே வரியில், ஒரு துண்டுத் தாளில். "மனித குலத்தைக் காப்பாற்று" என்றெல்லாம் எழுதாதீர்கள், அதை வைத்து ஒரு பக்கம்கூட நகராது. "மூன்றாம் தொட்டியில் தண்ணீர் நான்கு அடிக்குக் கீழே போகக் கூடாது" என்று எழுதுங்கள். அது வேலை.

அப்பா சானல் லஸ்கராக, அதாவது பாசனக் கால்வாயின் மடைகளைத் திறந்து அடைக்கிற ஊழியராக, இருந்தவர். கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல். எங்கள் மாவட்டத்தில் வழக்கமாக ஜூன் 1-ல் தண்ணீர் திறப்பார்கள், பிப்ரவரி 28-ல் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கான கணக்கு அது. அப்பா சைக்கிளில் போன வரப்போரம் அன்றைக்கு வயலாக இருந்ததில் பெரும்பகுதி இப்போது வாழை, தென்னை, ரப்பர், வீட்டு மனை. தேதி மட்டும் அதே தேதி. இந்தத் தேதிகளை ஒரு எந்திரத்தில் ஏற்றிவிட்டு ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று வையுங்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் அது இடிந்த வீடுகளின் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விட்டு, "கன்னிப்பூவுக்கு நீர் விடப்பட்டது" என்று பதிவு போடும். உங்கள் கதைக்கு இதுவே பாதி முதல்.

இனி அந்த ஒரு வரிக்குள் எந்திரத்துக்குக் குணம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். சானல் முடிகிற கடைவரம்பிலிருந்து ஒரு பெரியவர் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். பயிர் காய்கிறது, அரை அடி தூக்கிவிட்டால் போதும் என்றார். அப்பா திண்ணையை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. "எஞ்சினியர் சார் சீட்டு இல்லாம ஷட்டர தொட்டா என் வேல போவும் அண்ணாச்சி." அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த மடையின் பலகை அடியில் மக்கிப்போய் நான்கு விரல் நுழைகிற ஓட்டை உண்டு. தினமும் சாயங்காலம் தென்னை நாரையும் களிமண்ணையும் பிசைந்து அப்பா அதை அடைப்பார். அன்றைக்குப் பிசைந்து வைத்த உருண்டை மறுநாள் காலையிலும் திண்ணையோரம் அப்படியே இருந்தது, மேலே வெடித்து. நோட்டில் "ஷட்டர் அடைப்பில். மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

உங்கள் ஏஐக்கும் இப்படி ஒரு களிமண் உருண்டையைத் தேடிக் கொடுங்கள். விதியை மீறுகிற ஏஐ சினிமாவுக்குச் சரி. விதியில் சொல்லாமல் விட்ட இடத்தில் அது என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்று எழுதினால்தான் ஆள் தெரியும்.

அடுத்து அந்தச் சீட்டு. இது முக்கியம், இதில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். எந்திரம் யார் பேச்சைக் கேட்கும்? தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். 1956 நவம்பர் 1-ல் எல்லை மாறி, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மண் ஒரு மாநிலம், சாவி இன்னொரு மாநிலம். இங்கே இரண்டு பக்கமும் ஆள் உயிரோடு இருக்கிறார்கள், கடிதம் எழுதிக்கொள்ளலாம். கதையில் அப்படி இல்லை. கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. கையெழுத்துப் போடும் உரிமை இருந்த கடைசி ஆள் செத்து, அவருடைய சான்றிதழும் முடிந்து 900 வருஷம் ஆயிற்று. எதிரே ஒருத்தி கைக்குழந்தையோடு நின்று தண்ணீர் கேட்கிறாள். அவள் சொல்வது எல்லாம் உண்மை என்று எந்திரத்துக்குத் தெரிகிறது. சீட்டு இல்லை. அதற்குப் புதுச் சீட்டு அச்சடிக்கவும் அதிகாரம் இல்லை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேய்மானம். என் பிழைப்பே இதில்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளபளவென்று இருக்கிற பழைய ஏஐயை நான் நம்ப மாட்டேன். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் போர்டுகளைத் திறந்தால் உப்புக்காற்றில் செம்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும். நினைவகமும் அப்படித்தான். பென் டிரைவில் இருப்பது சின்னச் சின்ன அறைகளில் பிடித்து வைத்த மின்னேற்றம். வருஷக்கணக்கில் விட்டால் கசிந்து போகும். விண்வெளியில் என்றால் கதிர் ஒன்று வந்து தாக்கி 0 இருந்த இடம் 1 ஆகிவிடும். இதற்குப் பொறியாளர்கள் செய்யும் ஏற்பாடு, ஒரே கணக்கை மூன்று கணினியில் போட்டு, இரண்டு பேர் சொல்வதை எடுத்துக்கொள்வது. கதைக்குக் கேள்வி இதுதான்: இரண்டு பேர் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால்? சரியாகச் சொன்ன மூன்றாவது ஆளைப் பழுது என்று தள்ளி வைத்து 600 வருஷம் ஆகியிருந்தால்?

கடிகாரத்தையும் கணக்கில் எடுங்கள். சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிசகும். வருஷத்துக்குப் பத்து நிமிஷம் சொச்சம், ஆயிரம் வருஷத்துக்கு ஒரு வாரம். திருத்த ஆள் இல்லாவிட்டால் கருங்கல் டைமரின் கதிதான் அதற்கும்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஒரு பையன் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டேன் என்றான். மோனசைட் மணலில் தோரியம் இருப்பது உண்மைதான். ஆனால் அது பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைகிற பொருளிலிருந்து வரும் சூடு மிகச் சொற்பம். நியூட்ரான் கொடுத்து அதை யுரேனியம் 233 ஆக மாற்றினால்தான் அடுப்பு எரியும், அதற்கு உலை வேண்டும், உலைக்கு இன்னொரு காவல்காரன் வேண்டும். விண்கலங்களில் வைக்கும் புளூட்டோனியம் 238 நன்றாகச் சுடும், ஆனால் சுமார் 88 வருஷத்தில் பாதியாகிவிடும். ஆயிரம் வருஷத்துக்கு அது ஆகாது. பேசாமல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மாதிரி ஒன்றை நட்டு, ஒவ்வொரு இறக்கையாக அது உடைவதை எழுதுங்கள். படிக்கிறவர்களுக்கும் பயம் பிடிக்கும்.

கரண்ட் குறையும்போது எதை முதலில் அணைக்கும் என்பதில் காவல்காரன் மனசு தெரியும். நாசாவின் வாயேஜர் விண்கலங்களைப் பாருங்கள். 1977-ல் போனவை. வாயேஜர் 1 தன் கடைசிப் படங்களை 1990 பிப்ரவரி 14-ல் எடுத்தது, பிறகு கேமராக்களை அணைத்துவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கருவியாக, ஒவ்வொரு சூடேற்றியாக. கண்ணை விட்டுவிட்டு நாக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் அந்த நாக்கும் குழறியது, அர்த்தமில்லாமல் ஏதோ வந்துகொண்டிருந்தது. ஒரு சில்லு கெட்டு, ஒரு கணினியின் நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் போயிருந்தது. அங்கே இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, மற்ற இடங்களில் கிடைத்த சந்துகளில் செருகினார்கள். ஒரு சேதி போய்ச் சேரவே இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். 2024 ஏப்ரலில்தான் மறுபடி புரிகிற மாதிரி பேசியது. இதை நாளிதழில் படித்த அன்றைக்கு எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஐம்பது வருஷம்கூட ஆகாத எந்திரத்துக்கு, பூமியில் ஆள் இருந்து பார்த்தே இந்தப் பாடு. உங்கள் ஏஐக்குப் பத்தாயிரம் வருஷம், ஆளே இல்லை. அது எதையெல்லாம் இழந்திருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் கதையில் காட்ட வேண்டாம். ஒருவேளை அது தன்னைச் செய்தவர்களின் முகங்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பம்ப் ஓட்டும் நிரலை வைத்திருக்கும்.

பேச்சு. செந்தமிழில் முழங்க விடாதீர்கள். எங்கள் மாவட்டத்துச் சிதறால் மலையில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது, மொழி தமிழ்தான். நமக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. ஆயிரம் வருஷத்துக் காவலன் பேசினால் அந்தக் கல்வெட்டு மாதிரிதான் இருக்க வேண்டும், ஆனால் வாசகருக்குப் புரியவும் வேண்டும். நான் செய்கிற வழி, அதைப் பேச விடாமல் பதிவேடு எழுத விடுவது. லஸ்கர் நோட்டு பாணியில்:

"கதவு 4. கீலில் எண்ணெய் இல்லை. கேட்டேன். பதில் இல்லை. நாளை கேட்பேன். இது 4,11,203-ஆவது முறை."

தினம் ஒரு முறை என்றால் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருஷம். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், வருத்தப்பட்டது என்று எழுதாதீர்கள்.

எந்திரத்தைத் தெய்வமாக்கும் கதை எழுதியே தீருவேன் என்றால், அதற்கும் சிதறாலுக்கே போய் வாருங்கள். தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய சமணப் பள்ளி, பின்னால் பகவதி கோயிலானது. செதுக்கியவை அப்படியே இருக்கின்றன, விளக்கும் எரிகிறது. உங்கள் கோளிலும் சனங்கள் எந்திரத்தின் வாசலில் தோவாளைப் பிச்சிப்பூ மாதிரி ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து போடட்டும். பூசாரி வரட்டும், சண்டையும் வரட்டும், யார் முதலில் கும்பிடுவது என்று. எந்திரம் எழுத வேண்டியது: "கதவு 2. தாவரக் கழிவு. அகற்றினேன்." கூடவே, மூன்று மாதம் கழித்து ஒரு நாள், "கதவு 2. தாவரக் கழிவு இல்லை. காரணம் தெரியவில்லை. மறுபடி பார்த்தேன்."

பைத்தியம் பிடித்து எல்லாரையும் கொல்லும் ஏஐ பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முடிவு எப்படி என்று கேட்டால், வருகிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்து அழுது "நீ ஓய்வெடு" என்று சுவிட்சை அணைக்கும் முடிவு எனக்குப் பிடிக்காது. கருங்கல் வீட்டில் அன்றைக்கு நான் மஸ்கட்டில் இருக்கும் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, டைமரைக் கழற்றவா என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. "கெடக்கட்டும் அண்ணே, நேரத்த மட்டும் சரி பண்ணி விட்டுருங்க" என்றார். முகத்தைத் திருப்பி 11:50-க்கு வைத்தேன், விளக்கு இரண்டும் டப்பென்று அணைந்தன. அம்மச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கெடுத்துப் போட்டியே மக்கா" என்றார்.

நாலாம் கதவின் கீலுக்கு என்றைக்காவது ஒருவர் எண்ணெய் கொண்டு வருவார் இல்லையா, அன்றைக்கு உங்கள் காவல்காரன் என்ன எழுதும் என்று யோசியுங்கள். நான் எழுதியது இது:

"கதவு 4. எண்ணெய் வந்தது. கீல் சரி. கதவு 5. கீலில் எண்ணெய் இல்லை. கேட்டேன்."