பொதுவான நிரலை எங்கே வைப்பது?

நான் பராமரிக்கும் ஜாவா மென்பொருளில் விற்பனைப் பில் ஒரு கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் நிரலையும் சேர்த்து வைக்கும் வார்ப்பு), விலைப்புள்ளி (கொட்டேஷன்) இன்னொரு கிளாஸ். ஜிஎஸ்டி கணக்கிடும் நிரல் இரண்டிலும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தது. இதைக் கண்டதும் 'ஆவணம்' என்று ஒரு தாய் கிளாஸ் எழுதி, அதன் நிரலை இரண்டும் சேய்களாக வாங்கிக்கொள்ளும்படி செய்யக் கை பரபரக்கும். பொறுங்கள். ஒன்றில் மாற்றம் வந்தால் மற்றதும் கூடவே மாறியாக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, ஆம். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறியபோது இரண்டுமே மாற வேண்டியிருந்தது. நாள் கணக்கு அப்படியல்ல. பில்லுக்குப் பணம் கட்டும் கெடு 30 நாள். விலைப்புள்ளி செல்லுபடியாவதும் 30 நாள். இரண்டையும் ஒரே மெத்தடாக்கினேன், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் ஒரே நிரல் துண்டாக்கினேன். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் விலைப்புள்ளிக்கு 15 நாள் போதும் என்றார்; மாற்றிக் கொடுத்தேன். கெடு முடியாதவர்களுக்கெல்லாம் பாக்கி நினைவூட்டல் போய்விட்டது. எண் ஒத்துப்போனது வெறும் தற்செயல். அந்த நிரல் இரண்டு இடத்திலும் தனித்தனியாகவே இருந்திருக்க வேண்டும்.

பொதுவாக்கலாம் என்று முடிவானால், எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத கணக்குக்கு ஒரு ஸ்டாட்டிக் மெத்தட் (ஆப்ஜெக்ட் உருவாக்காமலே அழைக்கக்கூடியது) போதும். வரிக்கு அது போதாது. பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் அன்றைய விகிதமே வர வேண்டும். அதற்குத் தேதிவாரியான அட்டவணை வேண்டும். அட்டவணையை வைத்திருக்கும் 'வரிக்கணக்கு' என்ற தனிக் கிளாஸ் எழுதி, அந்த வார்ப்பில் உருவாக்கிய ஆப்ஜெக்டைக் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் நிரல்) வழியாகப் பில், விலைப்புள்ளி இரண்டுக்கும் கொடுங்கள். சோதிக்கும்போது மூன்றே பொருள்கள் உள்ள சிறு அட்டவணையைக் கொடுத்துப் பார்க்கலாம். எனக்கு இந்த வசதி ஒன்றே போதும்.

தாய் கிளாஸே கூடாது என்று சொல்ல மாட்டேன். தாயை எதிர்பார்க்கும் இடத்திலெல்லாம் சேயைத் துணிந்து கொடுக்க முடிந்தால் எழுதுங்கள். முடியாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவின் ஸ்டாக் கிளாஸே சாட்சி. அடுக்கிய தட்டுகளைப் போல அதில் மேலே வைத்து மேலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அது எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான வெக்டர் கிளாஸின் சேய்; ஆகவே நடுவிலும் செருகலாம். அந்த உறவு இன்றும் அப்படியே இருக்கிறது. ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணமே ஸ்டாக்குக்குப் பதிலாக டெக் (Deque) இன்டர்ஃபேஸை, அதாவது இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் வழி தரும் வரிசையைப் பயன்படுத்தச் சொல்கிறது.

நிரலைப் பிரித்தெடுத்ததும் பழைய பில்கள் நூறை மறுபடி கணக்கிட்டுப் பைசா வரை ஒப்பிடுங்கள். எனக்குச் சில பில்களில் ஒரு பைசா உதைத்தது. நான் எடுத்தது விலைப்புள்ளியின் நிரல். அது மொத்தத் தொகையில் வரியை முழுமையாக்கியது (ரவுண்ட் செய்தது), பில்லோ ஒவ்வொரு பொருளிலும் முழுமையாக்கியது. பில்லின் முறையையே வைத்துக்கொண்டேன். கணக்கில் ஏறியிருந்தது அதுதான்.