காட்டில் மீண்டும் விடும் விலங்குகள்: உடல்நலக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூண்டைத் திறந்துவிட்டதும் மருத்துவரின் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிடிபடும்போது மிரண்டு ஓடிய மானுக்குத் தசைச் சிதைவு ஏற்பட்டால் அது சில மணி நேரத்திலும் கொல்லும், சில வாரம் கழித்தும் கொல்லும். கால் விறைப்பு, தள்ளாட்டம், கரும்பழுப்புச் சிறுநீர் தெரிகிறதா என்று முதல் மாதம் தினமும் பாருங்கள்.

ரேடியோ காலர் (சிக்னல் அனுப்பும் கழுத்துப்பட்டை) சிக்னல் வந்தால் விலங்கு நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். 2023இல் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து காலர் மாட்டிய மூன்று சிவிங்கிப்புலிகள் கழுத்திலும் முதுகிலும் தொடங்கிய புண்ணால் இறந்தன. தென்னாப்பிரிக்கப் பகுதியின் குளிர்காலத்துக்கென வளரும் அடர்முடி, இங்கே மழைக்காலத்தில் வளர்ந்துவிட்டது. ஈரம் தங்கியது, தோல் புண்ணானது, ஈ முட்டையிட்டது, புழு வைத்தது, ரத்தத்தில் நஞ்சேறியது. பைனாகுலரில் கழுத்தைத் தனியாகப் பாருங்கள்: ஈ மொய்ப்பது, ஓயாமல் சொறிவது, தலையை உதறுவது. சந்தேகம் வந்தால் மயக்க ஊசி போட்டு காலரைக் கழற்றிப் பார்க்கத் தயங்கவே கூடாது.

30 நாள் தனிமைப்படுத்தலின் 20ஆம் நாளில் புதிய விலங்கு ஒன்றை உள்ளே விட்டால், எல்லாவற்றுக்கும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான். காசநோய் போல மெதுவாக வெளிப்படும் நோய்களுக்கு அந்த 30 நாளும் போதாது.

வீட்டு விலங்கின் தடுப்பூசியை அப்படியே காட்டு விலங்குக்குப் போடாதீர்கள். நாய்க்குப் பாதுகாப்பான, வீரியம் குறைத்த உயிருள்ள டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி, வட அமெரிக்காவின் சிறு ஊனுண்ணியான கருங்கால் ஃபெரட்டுக்கு அந்த நோயையே தந்து கொன்றது. விடப்போகும் இடத்து விலங்குகளின் ரத்தத்தையும் சாணத்தையும் முன்கூட்டியே சோதிக்காமல் விடுவதும் பெரிய பிழை. பின்னால் ஒரு நோய் வந்தால், யார் யாருக்குக் கொடுத்தது என்று சொல்லவே முடியாது.

இறந்த உடலை உறையவைக்காதீர்கள். பனிப்படிகம் திசுவைக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தேறாது. 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்க்க வேண்டும். திசுத் துண்டு 1 செ.மீ. தடிமனைத் தாண்டினால், அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேருமுன் உள்ளே அழுகிவிடும். துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலின் ஊற்றுங்கள். மரபணுச் சோதனைக்கு ஃபார்மலின் உதவாது, அதற்கென்று தனித் துண்டுகளை எடுத்து உறையவையுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், ஆய்வகத்தில் திசுவைப் பதப்படுத்தும் ஆல்கஹால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.