பேஸ் கிட்டார்: பேண்டில் வாசிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்ச் கொயர், கல்லூரி பேண்ட், மெல்லிசைக் குழு எதுவாக இருந்தாலும் பேஸ் வாசிக்க ஆள் அமைகிற விதம் ஒன்றுதான். குழுவில் மூன்று பேருக்கு கிட்டார் தெரியும், பேஸ் வாசிக்க ஆள் இருக்காது, மூவரில் ஒருவர் "சரி, நான் எடுத்துக்கிறேன்" என்பார். எனக்கும் இருபது வயதில் அப்படித்தான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு வேறு வாத்தியத்துக்குப் போக மனம் வரவில்லை. இப்போது புதிதாக எடுப்பவர்கள் ஒத்திகைக்கு வரும்போது பார்க்கிறேன், நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றில் சில கைக்காசைக் கரைப்பவை. ஒன்று உயிருக்கே ஆபத்தானது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாசிப்பு. பேஸில் ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், எப்போது முடிகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கம்பியைத் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் அது பல விநாடி ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஸ்வரம் வந்தபின்னும் பழையது அடியில் முனகும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது நிறைவாகத்தான் கேட்கும். பேண்டில் சேர்ந்ததும் மொத்தச் சத்தமும் சேறாகிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு டிரம்மர். ஒத்திகையில் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரவைத்தார். ஒரே தாளம், ஒரே ஸ்வரம், பதினைந்து நிமிடம். கிக் என்பது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஸ்னேர் என்பது குச்சியால் அடிக்கும் சிறிய டிரம். "கிக் விழறப்போ நீ ஆரம்பிக்கிற, அது சரி. ஸ்னேர் விழறப்போ உன் சத்தம் நிக்கணும் தம்பி. அந்த இடத்தை எனக்குக் கொடு" என்றார். நிறுத்திப் பார்த்தேன். அதே ஸ்னேர், அதே குச்சி, ஆனால் அடி பளிச்சென்று கேட்டது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள், டிரம்ஸில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை விரலைக் கம்பியிலிருந்து தூக்கிவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் கம்பி அடங்கும். வலது கையில், மேல்ஸ்தாயிக் கம்பிகளை வாசிக்கப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து கீழ்ஸ்தாயிக் கம்பிகளின் மேல் படுத்துக்கொள்ள வேண்டும். பலர் கட்டைவிரலைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பட்டை) மேலேயே ஊன்றிவிடுவதால், இருப்பதிலேயே தாழ்ந்த ஈ கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருக்கும். பழக ஒரு வழி: தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒலி, அடுத்த தட்டுக்கு முழு மௌனம். கேட்கச் சுலபம்; அந்த மௌனத்தில் ஒரு முனகல்கூட இல்லாமல் செய்ய எனக்கு மாதங்கள் பிடித்தன.

அடுத்தது நம் ஊர்க் குழுக்களுக்கே உரிய சிக்கல். கீபோர்டு வாசிப்பவர் பேஸ் இல்லாத காலத்தில் இடது கையால் கீழ்ஸ்தாயியை நிரப்பிப் பழகியிருப்பார். நாம் சேர்ந்தபிறகும் அந்தக் கை நிற்காது. இருவரும் ஒரே இடத்தில் வாசிக்க, இருவர் வாசிப்பதும் புரியாது. கூடவே தபலாவின் இடது கை முழவான டக்காவும் அதே தாழ்ந்த ஒலிப்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நாம் சத்தத்தை ஏற்றினால் கீபோர்டும் ஏற்றும், பாடகர் கத்த ஆரம்பிப்பார். ஒத்திகைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்: "அண்ணா, பல்லவி சரணத்துல இடது கையை நடு சி-க்கு மேலேயே வெச்சுக்கிறீங்களா? நான் அடியைப் பார்த்துக்கிறேன்." மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. டக்கா கும்மென்று இழுக்கும் இடங்களில் நாம் குறைத்து வாசிப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

பாட்டைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பேஸ் எடுப்பது இன்னொரு தவறு. ஈ கம்பியைத் திறந்து தட்டினால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். போனின் சிறிய ஸ்பீக்கரால் அதைக் கிட்டத்தட்ட எழுப்பவே முடியாது. அதன் மேல்ஒலிகளை வைத்து நம் காதுதான் ஊகித்துக்கொள்கிறது. அதனால் ஸ்தாயி மாறிப்போகும், ஸ்வரங்கள் விட்டுப்போகும். இளையராஜா பாடல்கள் பலவற்றில் சசிதரனும், ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். போனில் வெறும் 'தும் தும்' என்று கேட்டது, பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும் தனி மெட்டாகத் தெரியும். அதேபோல், ஒத்திகையைப் போனில் பதிவு செய்து "பேஸே கேக்கலியே" என்று ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைத் திருகாதீர்கள். அந்தப் பதிவை வைத்துத் தாளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம், அளவைப் பார்க்க முடியாது.

வாங்கும்போது

கடைக்குப் போனதும் முதலில் எழும் கேள்வி: நான்கு கம்பியா, ஐந்து கம்பியா? நண்பர் ஐந்து வைத்திருக்கிறார் என்பதற்காக வாங்க வேண்டாம். உங்கள் பாடகர்கள் எந்தச் சுருதியில் பாடுகிறார்கள் என்று பாருங்கள். நான்கு கம்பி பேஸின் அடி ஸ்வரம் ஈ, அதாவது 3 கட்டை. பாடகர் 1 கட்டையில், அதாவது சி-யில், பாடினால் உங்களுக்குக் கிடைக்கும் தாழ்ந்த ஸட்ஜம் ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு). பெரும்பாலான பாட்டுக்கு அது போதும். 2 கட்டைப் பாட்டில் இன்னும் கீழே வேண்டுமென்றால் ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளலாம். ஐந்தாவது கம்பியான பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ்களில் அந்தக் கம்பி தொய்ந்து, சுரமே பிடிபடாமல் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன மண்டபங்களில் வைக்கும் ஸ்பீக்கர்களில் பலவும் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. ஐந்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு படி நல்ல நான்கு கம்பி வாங்கலாம் என்பதே என் கருத்து. வாரம் முழுக்க 1 கட்டை, 2 கட்டையிலேயே வாசிக்க வேண்டியிருந்தால் மட்டும் ஐந்தைப் பற்றி யோசியுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு வாங்கிவிடக் கூடாது. ஸ்ட்ராப் மாட்டி, நின்று, இருபது நிமிடமாவது வாசியுங்கள். நான்கு கிலோ பேஸ் தோளில் தொங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இடது கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கம் கீழே சரிந்தால், கச்சேரி முழுக்க உங்கள் கைதான் அதைத் தாங்கும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஆம்ப் இல்லாமலே கேளுங்கள். ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரை குறிப்பாகக் கவனியுங்கள். சில பேஸ்களில் அங்கே ஒலி சட்டென்று செத்துவிடும். அது மரத்தின் குணம், கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்யும் செட்டப்பால் அதைத் தீர்க்க முடியாது. கை சிறியதாக இருந்தால், வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்துக்குப் பதிலாக 30 அங்குலம் வருகிற குட்டை பேஸும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கடையிலிருந்து வந்த நிலையிலேயே வாசிப்பதும் பரவலான தவறு. கம்பி உயரமாக இருப்பதால் விரல் வலிக்கும். "பேஸ்னா அப்படித்தான்" என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் சரி. அதைவிட நிறைய இருந்தாலோ, இடைவெளியே இல்லாவிட்டாலோ கழுத்தைச் சரிசெய்ய வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் இது வருடத்தில் ஓரிரு முறை மாறும். பழக்கம் இல்லாதவர்கள், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் தாங்களே முறுக்காமல், தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள். சரிசெய்து வாங்கியபின் கைக்குப் புதிய பேஸ் வாங்கியதுபோல் இருக்கும்.

கம்பியை மாற்றாமலே இருக்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை மாற்றாமலே வைத்திருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் வாசித்தார். அந்த மொத்தையான ஒலி அந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தியது. சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி அப்படியில்லை, வியர்வையும் உப்புக்காற்றும் அதைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஒரு செட் கம்பி நீண்ட நாள் வரும்.

உள்ளேயே ஒலியைத் திருத்தும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் பேஸ் என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் சொருகினாலே அது செலவாகத் தொடங்கும். கேபிளோடே சுவரில் சாய்த்துவைக்கும் பழக்கம் இருந்தால் பேட்டரி சீக்கிரம் இளைத்துவிடும், கச்சேரியில் ஒலி கரகரக்கும். ஒரு வரவேற்பில் மூன்றாவது பாட்டிலேயே எனக்கு அது நடந்தது. அன்றிலிருந்து பையில் ஒரு பேட்டரி எப்போதும் உண்டு.

ஆம்பும் மேடையும்

சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகி முழுச் சத்தம் வைத்தால் ஸ்பீக்கர் கிழியலாம். வீட்டில் மெதுவாக வாசிக்கலாம், அவ்வளவுதான். 15 வாட் ஆம்ப் பயிற்சிக்குப் போதும், டிரம்ஸுக்கு முன்னால் எடுபடாது. 30-ஐ 60 ஆக்கினால் இருமடங்கு சத்தம் வரும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது ஒரு சிறிய ஏற்றம். டிரம்ஸோடு வாசிக்க 100 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி சேர்த்தால் ஓம் (மின்தடை) கணக்கையும் பாருங்கள்: 8 ஓம் பெட்டி இரண்டை இணைத்தால் 4 ஓம், 4 ஓம் பெட்டி இரண்டை இணைத்தால் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாத ஆம்ப் அங்கே சூடாகிச் செத்துவிடும்.

ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் சவுண்டுக்காரர்தான் ஸ்பீக்கர் கொண்டுவருகிறார், நம்மிடம் ஒரு லைன் வாங்கி மிக்சரில் கொடுக்கிறார். அதனால் ஆம்புக்கு முன்பே ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறிய பெட்டி), இரண்டு நல்ல கேபிள், டியூனர், அகலமான ஸ்ட்ராப் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு நல்ல ஆம்பின் விலை வராது.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்தோ, இரண்டு முள் அடாப்டரில் சொருகியோ வாசிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். இரைச்சல் குறைகிறது என்பார்கள். பேஸின் கம்பிகள் ஆம்பின் உடம்போடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் கம்பிக்கே வரலாம். கையில் பேஸோடு மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று கடித்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள், உடனே விலகுங்கள். மைக்கும் ஆம்பும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை வாசிக்க வேண்டாம், கூட்டம் காத்திருந்தாலும் பரவாயில்லை. இரைச்சலைத் தீர்க்க டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சிறிய சுவிட்ச் இருக்கிறது, அதற்குத்தான் அது.

கடைசியாக ஒலியமைப்பு. தனியாக வாசிக்கும்போது ஆம்பில் அடி ஒலிக்கான பேஸ் குமிழையும் உச்ச ஒலிக்கான டிரெபிள் குமிழையும் ஏற்றி, நடு ஒலிக்கான மிட்டை இறக்கினால் கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கும். பேண்டில் அதே அமைப்பு காணாமல் போகும். அடி கிக் டிரம்மோடு கலந்துவிடும், மேலே சிம்பல் மூடிவிடும். பேஸ் எந்த ஸ்வரம் வாசிக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்வது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட்தான். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். பயப்படாமல் விடுங்கள்.

ஆம்புக்கு ஒட்டி நின்று அளவு வைக்கவும் கூடாது. ஆம்ப் தரையில் இருக்கிறது, சத்தம் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது, காதுக்குக் குறைவாகத் தெரிகிறது என்று நாம் ஏற்றிக்கொண்டே போகிறோம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் நீளம். சுவரில் மோதித் திரும்பி, மண்டபத்தில் ஓரிடத்தில் இடியாகவும் இன்னோர் இடத்தில் இல்லாமலும் போகும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, காதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சவுண்ட் செக்கில் நீளமான கேபிளோடு மேடையை விட்டு இறங்கி, வாசித்துக்கொண்டே கடைசி வரிசைவரை நடந்து போங்கள். அங்கே நின்று, பாடகரின் ஸட்ஜம் மாறும்போது உங்கள் ஸ்வரமும் மாறுவது தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் வெறும் அதிர்வு மட்டும் வந்தால், மேடைக்குத் திரும்பி அடியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை நடந்து பாருங்கள்.