அதிர்ச்சிக்குப் பின் வரும் நெஞ்சுவலி: வீட்டார் செய்ய வேண்டியவை

சாவு வீட்டில் அழுதுகொண்டிருக்கும் பெண் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தால், வேலூர்ப் பக்கத்தில் முதலில் வருவது பெரும்பாலும் விசிறியும் சோடாவும்தான். "காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை, அதுதான் மயக்கம்" என்று யாராவது சொல்ல, சுற்றியிருப்பவர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்; அல்லது கடும் அதிர்ச்சியால் இதயத்தசை தற்காலிகமாகச் செயலிழக்கும் டகோட்சுபோ என்னும் நோயாகவும் இருக்கலாம். இவை இரண்டையும் வீட்டில் வைத்துப் பிரித்தறிய எந்த வழியும் இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த இந்நோயில், இதய ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படாமலேயே இடக் கீழறையின் நுனிப்பகுதி சுருங்க முடியாமல் குடம்போல் உப்பிவிடுகிறது. அதிர்ச்சியின்போது பெருக்கெடுக்கும் அட்ரினலின் வகைச் சுரப்புகளே முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் மாதவிலக்கு நின்றவர்களே மிகுதி. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, 2006 முதல் 2017 வரை இந்நோய் கண்டறியப்படுவது தொடர்ந்து கூடியதையும், 50 முதல் 74 வயதுப் பெண்களிடம் அது மிக விரைவாகக் கூடியதையும் காட்டியது. எக்கோவும் (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் ஸ்கேன்) ஆஞ்சியோவும் (இதய ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே சோதனை) பரவலானதால் முன்பு மாரடைப்புக் கணக்கில் போனவை இன்று சரியான பெயரில் பதிவாகின்றன என்பதும் இந்த உயர்வில் ஒரு பங்கு என்றே எண்ணுகிறேன்.

எனவே நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், வியர்வை, படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். ஓமத் தண்ணீர் கொடுத்து வாயு கலைகிறதா என்று பார்ப்பதும், இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து பைக்கில் அழைத்துச் செல்வதும் கூடாது. ஒடுகத்தூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களிலிருந்து வேலூர் வந்துசேர நேரமாகும் என்பதால், வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்து, 2023இல் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் மாரடைப்புக்கான ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுக்கக்கூடும். பின்னர் அடைப்பு இல்லையென்று தெரிந்தாலும், அந்த நேரத்தில் அவற்றைக் கொடுத்தது தவறாகிவிடாது.

மருத்துவமனையில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் மறைப்பது, வலிக்கு முன் நடந்ததைத்தான். கடன்காரர் வாசலில் வந்து கத்தியதையோ மகளின் புகுந்த வீட்டுச் சண்டையையோ வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் மருத்துவருக்கு அது நோயின் வரலாறு. துக்கம் மட்டுமின்றி எதிர்பாராத மகிழ்ச்சியும், ஆஸ்துமா, கடும் காய்ச்சல், பக்கவாதம், அறுவைச் சிகிச்சை ஆகியவையும் இதைத் தூண்டலாம் என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எந்தத் தூண்டுதலும் புலப்படுவதில்லை. ஆகவே காரணம் கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டில் யாரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

இ.சி.ஜி.யும் இதயத்தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பைப் போலவே மாறியிருக்கும் என்பதால், ஆஞ்சியோ செய்யக் கையெழுத்துக் கேட்டால் ஊரிலிருந்து பெரியவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதன் முடிவில் "அடைப்பு இல்லை" என்று வந்தால், அதை "ஒன்றுமில்லை" என்று புரிந்துகொள்வதுதான் நான் மிகவும் அஞ்சும் பிழை. முதல் சில நாள்களில் நுரையீரலில் நீர் கோத்தல், ரத்த அழுத்தம் சரிதல், இதயத்துடிப்புத் தாறுமாறாதல், உப்பிய அறைக்குள் ரத்தம் உறைதல் ஆகியவை நேரலாம். மருத்துவமனையிலேயே நூற்றுக்கு நான்கைந்து பேர் இறக்கிறார்கள். ஆண்களுக்கு இந்நோய் குறைவாக வந்தாலும் அவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதல். ஆகவே பதினாறாம் நாள் காரியத்தைக் காட்டி, எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை முன்கூட்டியே அழைத்து வராதீர்கள். பார்க்க வருபவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலருகே நின்று "எப்படியம்மா ஆச்சு?" என்று கேட்டு அழவைப்பதையும் வீட்டார் ஒருவர் வாசலிலேயே நின்று தடுக்கலாம், இரண்டு நாள் மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

பெரும்பாலோருக்கு இதயத்தின் செயல்திறன் சில வாரங்களில் மீண்டுவிடுகிறது. ஆனால் அதை உறுதிசெய்வது மறுபடி எடுக்கும் எக்கோதான், வலி நின்றுவிட்டது என்னும் உணர்வு அன்று. வீடு திரும்பும்போதே அந்த எக்கோவுக்கான தேதியைக் கேட்டு வாங்குங்கள். முதல் எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு) எத்தனை விழுக்காடு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். துக்கமோ பயமோ தூக்கத்தைக் கெடுத்தால், 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இந்நோய் சிலருக்குத் திரும்பவும் வருகிறது. அதை உறுதியாகத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. மறுபடி நெஞ்சு வலித்தால் "போன தடவை வந்ததுதான்" என்று படுத்துவிடாமல், முன்போலவே 108ஐ அழைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியும் பழைய இ.சி.ஜி.யும் எக்கோ அறிக்கையும் உள்ள ஃபைலை நோயாளியுடன் கொடுத்தனுப்புங்கள்.